வள்ளிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை
வடசென்னையில் ஆடி விழாவுக்கு நாடகம் வைக்கும் விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுப் பெரியவர்களுக்கும், மேடைக்கு வாழைமரம் கட்டிய தம்பிகளுக்கும், புதுக்கோட்டையிலிருந்து, நாடகத்தில் கோமாளி வேஷம் கட்டுகிற ஒரு பபூன் எழுதிக்கொள்வது. வணக்கம்.

பெயரைச் சொன்னால் உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பழைய வண்ணாரப்பேட்டையில் உங்கள் தெருவை அடைத்துப் போட்ட மேடையில், கோடு போட்ட கால்சட்டையோடு வந்து கண்மாயில் மீன் பிடித்த கதை சொல்லி, ஒருத்தர்கூடச் சிரிக்காமல் நின்றேனே, அவன்தான் நான். காசிமேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்மாய் மீனைப் பற்றிப் பேசினால் யார் சிரிப்பார்கள்? தப்பு என்னுடையது. அதற்காக இந்த மடல் இல்லை.

அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மைக் நின்றபோது, வள்ளி பரண்மேல் ஏறிக் கவணைச் சுழற்றி 'ஆலோலம்' என்று முதல் இழுப்பு இழுத்திருந்தாள். நாரதர் தாளம் போடுகிற சப்ளாக்கட்டையோடு படுதா ஓரத்தில் தன் முறைக்குக் காத்திருந்தார். முருகன் வேடன் வேஷத்துக்கு மாறுவதற்குள் ஒரு டீ குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நோட்டீஸில் நீங்கள் போட்டது 'வள்ளி திருமணம்'. நடந்தது வள்ளி தினைப்புனம் காத்தது வரைக்கும்தான். மங்களம் பாடாமல் வேஷம் கலைத்தது என் முப்பத்தொரு வருஷத்தில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை மழை.

உங்கள் மேல் கோபமாக எழுத எனக்கு வழியே இல்லை. பேசிய சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. உங்கள் குழுவில் பாதிப்பேர் எங்கள் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், சின்ன வயதில் திடல் மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்த நாடகத்தை இந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டீர்கள். அடுத்த தேதி வெள்ளிக்கிழமை கொருக்குப்பேட்டையில், இடையில் ஊருக்குப் போய்வந்தால் வேன் வாடகையே கட்டாது என்றதும், கல்யாண மண்டபத்து மாடியைத் திறந்துவிட்டீர்கள். நாடகத்துப் பெண்களை உங்கள் வீடுகளில் தங்கவைத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி பார்த்துக்கொண்டீர்கள். எல்லாம் சரி. நாடகத்துக்கு மட்டும் நேரம் வைக்க மறந்துவிட்டீர்கள்.

தெரியாதவர்களுக்காக எங்கள் பிழைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகி ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், ஆர்மோனியம் வேறொரு ஊர். பவுடர் போடும்போதுதான் இன்றைக்கு யாரோடு நடிக்கப்போகிறோம் என்பதையே சில நாள் பார்ப்போம். ஆனால் எல்லாருக்கும் பாடம் ஒன்று. நாடகம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) கட்டிவைத்த கட்டுக்குள், அவரவர் கைச்சரக்கைப் போட்டு நடத்துவோம். எங்கள் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியக்காரர் சாமி பாட்டெடுத்தால், பத்தரை, பதினொன்றுக்கு நான் வருவேன். பிறகு டான்ஸ் பெண். நாங்கள் இருவரும் அடிக்கிற காமிக் முடியவே பன்னிரண்டரை ஆகும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் பிடித்துவிட்டால் இரண்டு மணி நேரம் யாரும் எழுந்து போகமாட்டார்கள். முருகன் வேடனாக வந்து, கிழவனாக வந்து, யானையை விட்டுப் பயமுறுத்தி, கடைசியில் மாலை மாற்றும்போது கிழக்கே வெளுத்திருக்கும். கல்யாணத்தைப் பார்த்த கையோடு பெண்கள் சாணி தெளிக்கப் போவார்கள்.

அந்த ஏழு மணி நேரத்தை உங்கள் தெருவில் எத்தனைக்குள் அடக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏஜெண்டும் சொல்லவில்லை. ஆறரைக்கு ஆரம்பம் என்றார்கள். ஆறரைக்கு நாங்கள் தயார். அப்புறம் பொன்னாடை. நான் படுதா இடுக்கில் நின்று எண்ணினேன், இருபத்தேழு. அப்புறம் வரவேண்டிய ஒருவருக்காகக் காத்திருந்தோம். அவர் வந்து பேசினார். நாடகக் கலை அழிந்துவருகிறது என்று நாற்பது நிமிஷம் வருத்தப்பட்டார். எட்டேகாலுக்கு ஆர்மோனியம் எடுத்தோம். வழக்கப்படி நானும் டான்ஸ் பெண்ணும் நிதானமாக ஆடி முடித்தபோது ஒன்பதேமுக்கால். ஒரு தம்பி ஓடிவந்து என் காதில், "அண்ணே, பத்து மணிக்கு மைக் ஆஃப், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கோம்" என்றான்.

போலீஸ்காரர் வந்ததில் தப்பில்லை. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல், விழாக் காலங்களில் பன்னிரண்டு மணிவரை அரசு தளர்த்தலாம். அவ்வளவுதான் சட்டத்தில் இடம். மூன்றடி இடைவெளியில் எதிர்வீடு இருக்கிற உங்கள் தெருவில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் மூச்சிரைப்புக்காரரும் எங்கள் பின்பாட்டை விடிய விடியக் கேட்கவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். என் கேள்வி ஒன்றுதான். அந்தப் பத்து மணியை வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்த அன்றே சொல்லியிருந்தால் என்ன?

சொல்லியிருந்தால் முதலில் என் பாகத்தைத்தான் வெட்டியிருப்பேன். பபூன் வரவில்லை என்று எந்த நாடகமும் அரைகுறையாக நின்றதில்லை.

மறுநாள் காலையில் இதன் பலன் தெரிந்தது. தெருமுனை இட்லிக் கடை ஆயா என்னைப் பார்த்ததும் கரண்டியை நீட்டி, "இன்னாப்பா கோமாளி, அந்தப் பொண்ணுக்குக் கண்ணாலம் ஆச்சா இல்லியா?" என்றார். சிரித்து மழுப்பினேன். ஆயா சிரிக்கவில்லை. "சாமி கண்ணாலம்பா. பாதியில நிறுத்தினா தெருவுக்கு ஆவாது" என்றார். அந்த வாரம் முழுக்க இதே கேள்விதான். இஸ்திரி வண்டிக்காரர் கேட்டார். எம்.சி. ரோட்டில் துணிக்கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற பையன் கேட்டான். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பள்ளிக்கூடப் பெண் கேட்டது. மேடையில் ஒருத்தரையும் சிரிக்கவைக்க முடியாத நான், வெறும் விசாரிப்பிலேயே பேட்டை முழுக்கப் பிரபலமாகிவிட்டேன்.

எந்த ஊருக்குப் போனாலும் பகலில் ஊரைச் சுற்றுவது பபூனுக்குத் தொழிலில் பாதி. டீக்கடையில் உட்கார்ந்து தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருகிறது, எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் ஆகாது, ஊரில் யாருக்கு என்ன பட்டப்பெயர் என்று பொறுக்கிக்கொண்டு வந்து ராத்திரி அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு அன்று வேன் வந்துசேர்ந்ததே நாலரை மணிக்கு என்பதால் அதைச் செய்ய முடியாமல் போனது. கிடைத்த நாலு நாளில் வட்டியும் முதலுமாகச் சுற்றினேன். அதில் பார்த்தது சிலவற்றை உங்களிடம் சொல்லவேண்டும். இந்த ஊர்க்காரர்களான உங்களுக்கே தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு நாடகக்காரன் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

திங்கட்கிழமை வால்டாக்ஸ் ரோடு. என் வாத்தியார், நான் கால்சட்டைப் பையனாக அவரிடம் சேர்ந்த நாளிலிருந்து, "பட்டணத்தில் ஒற்றைவாடைக் கொட்டகையில் நடித்தவன்தான்டா நடிகன்" என்பார். அவரே அங்கே நடித்ததில்லை, அவருடைய வாத்தியார் நடித்தாராம். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகம் போட்ட கொட்டகை அது. அவர்கள் குழுவில் வளர்ந்தவர்தான் என்.எஸ்.கிருஷ்ணன், எங்கள் பபூன் குலத்துக்கே குலதெய்வம். அந்த இடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்று போனேன். முதலில் கேட்டவர் ஒரு லாட்ஜைக் காட்டினார். இரண்டாமவர் பார்சல் ஆபீஸுக்கு வழி சொன்னார். மூன்றாமவர், பாவம், "ஒற்றைவாடையா? வாடகைக்கு இங்க இப்ப ஒண்ணும் காலி இல்ல சார்" என்றார்.

சுமைவண்டிகளுக்கு நடுவில் ஒதுங்கி நின்றபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பக்கம் ஒத்தவாடை என்றால் ஒரு பக்கம் மட்டும் வீடு உள்ள தெரு. வால்டாக்ஸ் ரோட்டில் கிழக்குப் பக்கம் கடையும் கட்டடமுமாக நிற்கிறது. மேற்கே சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலுக்கு முன்னே அங்கே ஊரைச் சுற்றிய கோட்டைமதில். மதில் கட்டிய செலவுக்கு வெள்ளைக்காரன் வரி போட நினைத்து, வசூலிக்க முடியாமல், பெயர் மட்டும் தெருவுக்கு மிஞ்சியது என்பார்கள். ஆக, அன்றும் ஒற்றைவாடை, இன்றும் ஒற்றைவாடை. கொட்டகை போனாலும் அதன் பெயர் தெருவிலேயே எழுதியிருக்கிறது. அந்த ரயில்வே சுவரைப் பார்த்தே கும்பிட்டுவிட்டேன். பார்சல் ஆபீஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அங்கிருந்து தங்கசாலைத் தெரு நடக்கிற தூரம். 1931 அக்டோபர் 31 அன்று தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' வெளிவந்த கினிமா சென்ட்ரல் அந்தத் தெருவில்தான் இருந்தது. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி, நாடக மேடையிலிருந்து போன அம்மா. நாடகக்காரர்கள் சினிமாவுக்கு நடந்துபோன தூரம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் இனிமேல் சொல்வேன், வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து மின்ட் வரைக்கும், நடுவில் ஒரு டீ குடித்தால் அரை மணி நேரம்.

செவ்வாய்க்கிழமை ராஜபார்ட்டும் நானும் கந்தகோட்டம் போனோம். வள்ளலார் சின்னப்பிள்ளையாக ஏழுகிணற்றுப் பக்கம் இருந்தபோது வந்து பாடிய முருகன். இருபது வருஷமாக முருகன் வேஷம் கட்டுகிற மனுஷன், நிஜ முருகன் முன்னால் போய் நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முணுமுணுத்தார். வெளியே வந்ததும் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்றேன். "வேண்டுதலா? மன்னிப்புக் கேட்டேன்யா. கல்யாணம் தள்ளிப்போச்சுன்னு சொல்லிட்டு வரவேணாமா?" என்றார்.

திரும்பும் வழியில் சென்ட்ரல் பக்கம் விக்டோரியா ஹால். ராணியின் 1887 பொன்விழாவை ஒட்டிப் பெயர் வைத்த செங்கல் கட்டடம். வெளியிலிருந்துதான் பார்த்தோம். பம்மல் சம்பந்த முதலியார் உங்கள் ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருப் பிள்ளை. 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வக்கீல்களையும் படித்தவர்களையும் அரிதாரம் பூசவைத்து, இந்த ஹாலில் மேடை ஏற்றினார். பின்னால் நீதிபதியே ஆனார். எங்களைப் போன்றவர்களைக் 'கூத்தாடி' என்று மூக்கைச் சுளித்த காலத்தில் ஒரு வக்கீல் வேஷம் கட்டியது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த வாசலில் நின்றபோது எனக்கு உறைத்தது வேறு. விடிய விடிய நடந்த நாடகத்தை மூன்று மணி நேரத்துக்குள் சுருக்கி, சொன்ன நேரத்தில் தொடங்கி முடிக்கப் பழக்கியவர் அவர் என்று படித்திருக்கிறேன். அதாவது மூன்று மணி நேர நாடகம் உங்கள் ஊர்ச் சரக்கு!

அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் மூன்று மணி நேரத்துக்கு நாடகம் எழுதினார். நீங்கள் ஏழு மணி நேர நாடகத்தைக் கூப்பிட்டு, பொன்னாடைக்குப் போக மிஞ்சியதில் நடத்தச் சொல்கிறீர்கள். எட்டு முழ வேட்டியைக் கிழித்தால் துண்டு ஆகும். கிழிக்கிற இடத்தை நெய்தவனிடம் முன்கூட்டியே சொன்னால் கரையோடு கிழித்துக் கொடுப்பான்.

புதன்கிழமை விடியலில் காசிமேடு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் பதினான்கோடு முடிந்து படகுகள் கடலில் இருக்கிற நாள்கள். ஏலம் விடுகிற ஒரு அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றேன். சங்கராக் குவியல் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று ஒரு தொகை சொன்னார். கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவும் திறக்கவில்லை. எங்களில் பாதிப்பேருக்கு மேடையில் இப்படிச் சும்மா நிற்கத் தெரியாது, பயத்தில் ஏதாவது உளறி நிரப்புவோம். அந்த அம்மா நின்றார். ஒருத்தர் பார்வையிலிருந்து இன்னொருத்தர் பார்வைக்கு மெதுவாகக் கண்ணைக் கொண்டுபோனார். கடைசியில் பின்வரிசையில் ஒருவர் தாங்கமாட்டாமல் ஐம்பது ரூபாய் ஏற்றிச் சொல்லிவிட்டார். அடுத்த கணம் குவியல் கூடையில். இதைத்தான் வெள்ளிக்கிழமை கொருக்குப்பேட்டையில் டான்ஸ் பெண்ணை ஏலம் கேட்கிற மாதிரி இல்லாமல், என்னையே நான் ஏலம் விட்டுக்கொள்கிற மாதிரிப் போட்டேன். சங்கரா விலைக்கு ஆரம்பித்து நெத்திலி விலைக்கு இறங்கி, கடைசியில் ஐஸ் கட்டிக்குக் கொசுறாகக்கூட என்னை யாரும் எடுக்கவில்லை. கண்மாய்க்குக் கிடைக்காத சிரிப்பு அங்கே கிடைத்தது.

ராயபுரம் ஸ்டேஷனையும் பார்த்தேன். 1856-இல் திறந்தது, நின்றுகொண்டிருக்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் நாட்டிலேயே பழசு. அழகான தூண்கள், ஆளரவம் குறைவு. அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பிவந்தவர்கள் கொண்டுவந்த பண்டமாம். நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து புளித்தண்ணீர் விட்டுத் தருகிறார்கள். ஆர்மோனியக்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டு, மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது என்று என்னைத் திட்டினார்.

வியாழக்கிழமை மெட்ரோ ஏறித் தேரடி ஸ்டேஷனில் இறங்கித் திருவொற்றியூர். பட்டினத்தார் சமாதி கடலோரமாக இருக்கிறது, அங்கேயும் போனேன். ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது பெரிய கோயில் மகிழமரம்தான். அதன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுந்தரர் இங்கே வந்து, பூக்கட்டுகிற சங்கிலியாரைப் பார்த்து மனசு போய், சிவனிடமே தூது கேட்கிறார். திருவாரூரில் பரவையார் இருக்கும்போது! உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தால் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள் பெண். சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்யப் பயந்த மாப்பிள்ளை, சிவனைக் கூப்பிட்டு, "நான் சத்தியம் செய்கிற நேரம் நீர் கொஞ்சம் மகிழமரத்தடியில் போய் இரும்" என்று ஏற்பாடு செய்கிறார். சரி என்ற சிவன் நேரே சங்கிலியார் கனவில் போய், "சந்நிதியில் வேண்டாம், மகிழமரத்தடியில் சத்தியம் செய்யச் சொல்" என்று போட்டுக்கொடுத்துவிடுகிறார். மறுநாள் மாப்பிள்ளை முகத்தை நினைத்துப் பாருங்கள். இதைவிட ஒரு காமிக் சீனை இத்தனை வருஷத்தில் நான் கட்டியதில்லை. பிறகு சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண்பார்வை போனது என்று கதை இருண்டுவிடுகிறது. அது ராஜபார்ட் பாடு, பபூனுக்கு அங்கே வேலை இல்லை.

மகிழமரத்தடியில் பூ விற்கிற ஒருவர் என்னோடு பேச்சுக் கொடுத்தார். நாடகக்காரன் என்றதும், தன் அப்பா காரியத்துக்குத் தெருக்கூத்து வைத்ததைச் சொன்னார். கர்ண மோட்சம். விடிகிறவரைக்கும் ஒருத்தரும் கலையவில்லையாம், கர்ணன் தானம் கொடுக்கிற இடத்தில் அவர் அண்ணன், அப்பா செத்த அன்றுகூட அழாதவர், அன்றைக்குத்தான் அழுதாராம். வடசென்னைக்காரர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பொறுமை இருக்காது என்று எங்கள் ஏஜெண்ட் சொன்னதை நான் அதற்குப் பிறகு நம்பவில்லை.

வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். நேரத்தை நாங்களே முன்கூட்டிக் கேட்டுவிட்டோம். கொருக்குப்பேட்டைக் குழு பொன்னாடைகளை முதல் நாள் கூழ் வார்த்தலிலேயே முடித்துவிட்டது. ஆறேகாலுக்கு ஆர்மோனியம். என் காமிக் முப்பது நிமிஷம். தர்க்கம் இருபதே நிமிஷம். ஒன்பது ஐம்பதுக்கு மாலை மாற்றி மங்களம் பாடிவிட்டோம். ஜனங்கள் கைதட்டினார்கள், நன்றாகவே தட்டினார்கள். படுதாவுக்குப் பின்னால் ஆர்மோனியக்காரர் பெட்டியை மூடிக்கொண்டே, "கல்யாணம் ஆச்சு. பந்திதான் போடலை" என்றார். நாரதராக வந்த அண்ணன் ஒன்றுமே பேசவில்லை. இரண்டு மணி நேரத் தர்க்கத்துக்காகவே அவரை ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள். இருபது நிமிஷத்தில் அவர் பாடிக் காட்டியது தன் சரக்கின் விலாசத்தை மட்டும்தான்.

அப்புறம் ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும், வேறு யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் தெருவில் அன்று பெண்கள் உடைமாற்ற, குட்டியானை வண்டியைச் சுற்றிப் படுதா கட்டிக் கொடுத்தீர்கள். ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர். மேலே பால்கனிகள். ஸ்திரீபார்ட் அம்மா ஐந்து மணியிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, ஏன் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். தண்ணீர் குடிக்காத தொண்டையில்தான் அன்று ஆலோலம் இழுத்தார். கதவு உள்ள ஓர் அறையும் அதற்குள் ஒரு கழிவறையும் போதும். ராஜபார்ட்டும் நானும் தெருவிலேயே நின்று மாற்றிக்கொள்வோம், எங்களைப் பார்க்க யாருக்கும் ஆசை இருக்காது.

இனி நான் கேட்க வந்தது. மண்டபத்து மாடியில் ஐந்து ராத்திரி படுத்துக் கிடந்தபோது தோன்றிய யோசனை இது. ஆடி மாதம் முகூர்த்தம் இல்லை. உங்கள் பேட்டை மண்டபங்களில் பாதி, பூட்டுப் போட்டுக் கிடக்கிறது. எங்களைத் தங்கவைத்த மண்டபத்தில் கீழே மணமேடை இருந்தது, ஜிகினாத் தோரணம்கூடக் கழற்றவில்லை. பின்னால் மணமகள் அறை, கதவு, தாழ்ப்பாள், கண்ணாடி, கழிவறை. முந்நூறு நாற்காலி சுவரோரம் அடுக்கிக் கிடந்தது. நான் சொன்னேனே அந்த ஒலி விதி, அது அடைத்த மண்டபங்களுக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற அளவில் மைக் வைப்பதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. சத்தம் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் எங்களுக்கு மைக்கே கிடையாது. முந்நூறு பேருக்கு ஆர்மோனியமும் தொண்டையும் போதும்.

அடுத்த ஆடியில் தெருவில் போடாதீர்கள். அம்மனுக்கு முதல் விருத்தத்தைக் கோயில் வாசலில் வந்து பாடிவிடுகிறோம், அது அவளுக்குச் சேரவேண்டிய பாக்கி. பிறகு மண்டபத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். பொன்னாடையை விடிகாலையில் மங்களத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் உட்கார்ந்திருக்கிறவருக்கு நானே ஒன்று வாங்கிப் போர்த்துகிறேன். நாரதருக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். எனக்கு ஒரு மணி நேரம் போதும், ஏலம் இருக்கிறது, மகிழமரம் இருக்கிறது, இன்னும் ஒரு வருஷத்தில் ஏதாவது சேர்த்துக்கொண்டு வருவேன். சம்பளம் இந்த வருஷத்துச் சம்பளமே. மண்டப வாடகையில் உங்களுக்குக் கையைக் கடித்தால் சொல்லுங்கள், எங்கள் நாடக செட்டில் பேசிப் பார்க்கிறேன்.

வேறு செட்டைக் கூப்பிடுவதானாலும் கூப்பிடுங்கள். ஆனால் உங்கள் தெருவுக்கு மட்டும் நாங்களே வருகிறோம். வள்ளி இன்னும் அங்கே பரண்மேல்தான் நிற்கிறாள். இட்லிக் கடை ஆயாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோமாளி

பின்குறிப்பு: மண்டபத்து மாடியில், ஜன்னலுக்குப் பக்கத்து அலமாரி மேல்தட்டில், நாரதர் அண்ணனின் சப்ளாக்கட்டை ஜோடியில் ஒன்று தங்கிவிட்டது. பலாமரம், ஓரத்தில் சின்னதாக ஒரு விரிசல், அவர் அப்பா கையிலிருந்து வந்தது. கிடைத்தால் புதுக்கோட்டைக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பார்சல் வேண்டாம், உடைத்துவிடுவார்கள்.